கையின் பங்கும் தறியின் பங்கும்

(சங்கரன்கோவிலில் நிகழ்த்தப்பட்ட அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



சங்கரன்கோவிலில் பேருந்து ஏறினால் புளியங்குடி, கடையநல்லூர், தென்காசி, செங்கோட்டை தாண்டிப் புளியரை. அங்கிருந்து மலை ஏறினால் ஆரியங்காவு, கேரள எல்லை. இந்த வட்டாரத்துக் கொத்தனார்களுக்கும் கையாட்களுக்கும் பழகிய தடம் இது. மாநிலங்கள் பற்றி ரிசர்வ் வங்கி வெளியிடும் புள்ளிவிவரக் கையேட்டில் 2021-22ஆம் ஆண்டின் கணக்கு இருக்கிறது. கிராமப்புறக் கட்டட வேலையில் ஓர் ஆண் தொழிலாளியின் சராசரி நாள் கூலி தமிழ்நாட்டில் சுமார் 478 ரூபாய். கேரளத்தில் சுமார் 837 ரூபாய். வயல் வேலைக்குத் தமிழ்நாட்டில் 445, கேரளத்தில் 726, மத்தியப் பிரதேசத்தில் 217.

புளியரையில் பேருந்து ஏறிய கொத்தனார் ஆரியங்காவில் இறங்குவதற்குள் புதிதாக எதையும் கற்றுக்கொள்வதில்லை. பையில் அதே கரணை, அதே தூக்குக்குண்டு, அதே மட்டப்பலகை. ஒரு நாளில் அவர் கட்டும் சுவரின் நீளமும் பெரிதாக மாறிவிடாது. கூலி மட்டும் முக்கால் பங்கு கூடிவிடுகிறது. அங்கே சாப்பாட்டுச் செலவும் வாடகையும் கூடுதல்தான். அதைக் கழித்த பிறகும் வீட்டுக்கு அனுப்பப் பணம் மிஞ்சுவதால்தான் ஆட்கள் போகிறார்கள். வளைகுடா நாடுகளுக்குப் போனவர்களால் உள்ளூரில் ஆள் குறைந்தது, பல பத்தாண்டுகளாகத் தொழிற்சங்கங்கள் கட்டிக் காத்த கூலி விகிதம் என்று கேரளத்தில் கூலி கூடுதலாக இருப்பதற்குக் காரணங்கள் உண்டு. அவற்றில் ஒன்றுகூட அந்தக் கொத்தனாரின் கைத்திறனைச் சேர்ந்ததல்ல.

ஒருவர் வாங்கும் கூலியில் அவருடைய திறமை, படிப்பு, அனுபவம், உழைப்பு எவ்வளவு? அவர் யாரிடம், எந்த ஊரில், எந்த நிபந்தனையில் வேலை பார்க்கிறார் என்பது எவ்வளவு? இன்றைய சொற்பொழிவின் பொருள் இந்த இரண்டு கேள்விகள்தான். விசைத்தறியும் பீடியும் தீப்பெட்டியும் சோறு போடும் இந்த வட்டாரத்தில், கூலிப் பேச்சுவார்த்தை நடக்கும் ஒவ்வொரு முறையும் மேசைக்கு அடியில் கிடப்பது இந்தக் கணக்குதான்.

பொருளியல் சொன்ன இரண்டு பதில்கள்

இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் பொருளியலில் ஓங்கி ஒலித்தது முதல் பதில். அமெரிக்காவின் கேரி பெக்கர் 1964இல் 'மனித மூலதனம்' என்ற நூலை வெளியிட்டார். கல்வியும் பயிற்சியும் ஒருவர் தன்மீதே செய்துகொள்ளும் முதலீடு, கூலி அதன் வருமானம் என்பது அவர் வாதம். 1974இல் ஜேக்கப் மின்சர் அதைச் சமன்பாடாக்கினார்: எத்தனை ஆண்டு படித்தார், எத்தனை ஆண்டு வேலை பார்த்தார் என்று தெரிந்தால் சம்பளத்தை ஓரளவு கணித்துவிடலாம். உலகெங்கும் அரசாங்கங்கள் திறன் பயிற்சித் திட்டங்களைத் தீட்டுவதற்கு அடித்தளம் இந்தச் சிந்தனைதான். அதில் உண்மை நிறைய உண்டு. தொழில் தெரிந்தவருக்கும் தெரியாதவருக்கும் கூலி வேறுபடுவதை எந்தத் தறிக்கூடத்திலும் பார்க்கலாம்.

இரண்டாவது பதில் அதைவிடப் பழையது. கேம்பிரிட்ஜில் ஜோன் ராபின்சன் 1933இலேயே ஒரு நிலைமையை விளக்கி எழுதினார். ஓர் ஊரில் வேலை கொடுப்பவர்கள் ஒருவரோ சிலரோ மட்டும் இருந்தால், தொழிலாளி விளைவிக்கும் மதிப்பைவிடக் குறைவாகவே கூலி நிற்கும்; தொழிலாளிக்குப் போக வேறு இடம் இல்லாததே அதற்குக் காரணம். பிறகு 1989இல் சார்லஸ் பிரவுன், ஜேம்ஸ் மெடாஃப் என்ற இருவர், தொழிலாளர்களின் தகுதி ஒன்றாகவே இருந்தாலும் பெரிய நிறுவனங்கள் சிறிய நிறுவனங்களைவிடக் கூடுதல் சம்பளம் தருவதைக் காட்டினார்கள்.

இரண்டில் எது எவ்வளவு என்று அளப்பதுதான் சிரமம். நல்ல சம்பளம் தரும் நிறுவனம் நல்ல ஆட்களையே பொறுக்கி எடுத்திருக்கலாம். அப்போது அந்தச் சம்பளம் ஆளுக்கா, நிறுவனத்துக்கா? ஜான் அபவுட், ஃபிரான்சிஸ் கிராமார்ஸ், டேவிட் மார்கோலிஸ் என்ற மூவர் 1999இல் இதற்கு வழி கண்டார்கள். பிரான்சில் 1976 முதல் 1987 வரை பத்து லட்சத்துக்கு மேற்பட்ட தொழிலாளர்கள், ஐந்து லட்சத்துக்கு மேற்பட்ட நிறுவனங்கள் பற்றிய பதிவுகளை எடுத்துக்கொண்டு, ஒரு நிறுவனத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறியவர்களைப் பின்தொடர்ந்தார்கள். ஆள் அதே ஆள், இடம் மட்டும் வேறு. இடம் மாறியதும் ஏறிய அல்லது இறங்கிய சம்பளம் நிறுவனத்தின் பங்கு. எங்கே போனாலும் கூடவே வரும் சம்பளம் ஆளின் பங்கு. ஆரியங்காவு போகும் கொத்தனாரை வைத்து மேலே போட்ட கணக்கின் விரிவான வடிவம்தான் இது.

அந்த ஆய்வில் ஆளின் பங்குதான் பெரிதாக வந்தது. ஆனால் நிறுவனத்தின் பங்கு ஒதுக்கிவிடக்கூடிய அளவில் இல்லை. அதே முறையில் மேற்கு ஜெர்மனியை ஆராய்ந்து டேவிட் கார்டு உள்ளிட்ட மூவர் 2013இல் வெளியிட்ட முடிவு இன்னும் கவனிக்கத்தக்கது. 1985க்கும் 2009க்கும் இடையில் அங்கே சம்பள ஏற்றத்தாழ்வு கூடியதில் ஆட்களுக்கு இடையிலான வேறுபாட்டுக்கும் பங்கு உண்டு, நிறுவனங்களுக்கு இடையிலான வேறுபாட்டுக்கும் பங்கு உண்டு. அதோடு, கூடுதல் சம்பளம் வாங்கக்கூடியவர்கள் கூடுதல் சம்பளம் தரும் நிறுவனங்களிலேயே போய்ச் சேர்வதும் அதிகரித்திருந்தது. வலுவில்லாத தொழிலாளி வலுவில்லாத முதலாளியிடமே போய்ச் சேர்கிறார் என்பது இதன் மறுபக்கம்.

தறி ஓடும் இடத்தில்

இந்த அளவுகோலை எடுத்துக்கொண்டு சங்கரன்கோவில் தறிக்கூடம் ஒன்றுக்குள் வரலாம். இங்கே மாதச் சம்பளம் கிடையாது. நெய்த சேலைக்குக் கூலி, அதாவது எண்ணிக்கைக் கூலி. நூலின் நம்பருக்கும் சேலையின் ரகத்துக்கும் ஏற்றபடி விகிதம். கூடுதலாக நெய்தவருக்குக் கூடுதல் கூலி. இதைவிட நேர்மையான முறை இருக்க முடியாது என்று மேலோட்டமாகத் தோன்றும். முதலாளியின் விருப்பு வெறுப்பு எதுவும் நுழைய முடியாத, முழுக்க முழுக்கத் தொழிலாளியின் கையை மட்டும் அளக்கும் கூலி என்று தோன்றும்.

தறியருகே நின்று பார்த்தால் வேறு காட்சி. குறுக்கு நூலைக் கொண்டுசெல்லும் நாடா இப்படியும் அப்படியும் பாய்ந்துகொண்டே இருக்கிறது. அதற்குள் இருக்கும் தாரில் ஊடைநூல் தீர்ந்தால் தறியை நிறுத்தி, தாரை மாற்றி, மறுபடி ஓட்ட வேண்டும். பாவில், அதாவது தறியில் நீளவாக்கில் ஏற்றிய நூலில், ஓர் இழை அறுந்தால் உடனே கண்டுபிடித்து முடிச்சுப் போட வேண்டும். கவனிக்காமல் விட்டால் சேலையில் கோடு விழும், கூலியில் பிடித்தம் வரும். ஒரே ஆள் பல தறிகளைப் பார்த்துக்கொள்கிறார். ஒரு தறியில் குனிந்து இழை முடியும்போதே பக்கத்துத் தறியின் சத்தம் மாறுவதைக் காது பிடித்துவிட வேண்டும். இந்தக் கண்ணும் காதும் விரலின் வேகமும் கையின் பங்கு. அனுபவம் கூடக்கூட இது கூடும்.

இழை எத்தனை முறை அறுகிறது என்பது மட்டும் அந்தக் கையில் இல்லை. நூல் மட்டமாக இருந்தால் அடிக்கடி அறும். கஞ்சி சரியாக ஏறாத பாவு அறும். தேய்ந்துபோன பழைய தறி அடிக்கடி நிற்கும். உதிரி பாகம் வாங்கிப் போட வேண்டியவர் தறி உரிமையாளர். மின்சாரம் நின்றால் நாடாவும் நிற்கும். பாவு தீர்ந்து அடுத்த பாவு வர இரண்டு நாள் ஆனால் அந்த இரண்டு நாளும் கூலி இல்லை. வந்த பாவை இழை இழையாகப் பழைய பாவோடு பிணைத்து முடிக்கும்வரை தறி ஓடாது. நூலை வாங்குவது, பாவு அனுப்புவது, தறியைப் பராமரிப்பது எதிலும் தொழிலாளிக்கு வாக்கு இல்லை.

கணக்குக்காக, ஒரு சேலைக்கு 100 ரூபாய் கூலி என்று வைத்துக்கொள்வோம். நல்ல நூலும் நல்ல தறியும் அமைந்த இடத்தில் ஒருவர் ஒரு நாளில் ஆறு சேலை நெய்தால் 600 ரூபாய். அதே ஆள், அதே எட்டு மணி நேரம், மட்டமான நூலும் பழைய தறியுமாக இருந்த இடத்தில் நாலு சேலைதான் நெய்ய முடிந்தால் 400 ரூபாய். விகிதம் இரண்டு இடத்திலும் ஒன்றே. ஒப்பந்தத்தில் எழுதிய எண்ணை எந்த உரிமையாளரும் மீறவில்லை. ஆனாலும் 200 ரூபாய் குறைந்திருக்கிறது. இரண்டாவது இடத்தில் அதிகம் வியர்வை சிந்தியவர் குறைவாக வாங்கிப் போகிறார். கூலிச்சீட்டில் அது அவருடைய வேகக் குறைவாகப் பதிவாகிறது.

எண்ணிக்கைக் கூலி, முதலாளியின் பங்கைத் தொழிலாளியின் கணக்கில் எழுதிவிடுகிறது. இந்தச் சொற்பொழிவு வற்புறுத்திச் சொல்ல வந்த செய்தி இதுதான்.

பீடி சுற்றும் வீடுகளிலும் இதே கதை. தென்காசி, திருநெல்வேலி மாவட்டங்களில் பல்லாயிரக்கணக்கான பெண்கள் வீட்டுத் திண்ணையிலும் முற்றத்திலும் உட்கார்ந்து சுற்றுகிறார்கள். பீடிக் கடையில் இலையும் தூளும் எடைபோட்டுத் தருவார்கள். இத்தனை எடை இலைக்கு இத்தனை பீடி என்று கணக்கு. இலை கிழிசலும் ஓட்டையுமாக இருந்தால் வெட்டும்போது பாதி வீணாகும். எண்ணிக்கையை நிறைக்கச் சொந்தக் காசில் இலை வாங்கிச் சுற்றும் பெண்கள் உண்டு. சுற்றிக் கொண்டுபோனதில் சரியில்லை என்று கழித்துவிடுவது தனி. ஆயிரம் பீடிக்கு இன்ன கூலி என்ற விகிதம் காகிதத்தில் அப்படியே இருக்கும். கையில் வருவது இலையின் தரத்தைப் பொறுத்தது. பீடித் தொழிலாளர்களுக்காக 1966இலேயே தனிச் சட்டம் வந்தது. வீட்டிலிருந்து சுற்றுபவரையும் தொழிலாளி என்று அது ஏற்றுக்கொண்டது. பிறகு வருங்கால வைப்பு நிதி போன்ற உரிமைகளும் இந்தப் பெண்கள்வரை வந்தன.

முதலாளி யார்?

முதலாளியின் பங்கு என்றதும் தறி உரிமையாளர்மேல் பழி முழுவதையும் போட்டுவிட முடியாது. விசைத்தறித் தொழிலின் அடுக்கு அப்படி. மேலே மாஸ்டர் வீவர் அல்லது ஜவுளி உற்பத்தியாளர். நூலும் பாவும் சந்தையும் அவர் கையில். நடுவில் சொந்தமாகச் சில தறிகள் வைத்துக் கூலிக்கு நெய்து கொடுக்கும் சிறு உரிமையாளர். அடியில் தறி ஓட்டும் தொழிலாளி. சிறு உரிமையாளரில் பலர் தாங்களும் தறியில் நிற்கிறார்கள். மேலிருந்து வரும் கூலியைப் பிரித்துத்தான் கீழே கூலி கொடுக்கிறார்கள்.

கொங்கு வட்டாரத்தில் இதைத் தெளிவாகப் பார்க்கலாம். 2021 நவம்பரில் கூலிக்கு நெய்யும் தறி உரிமையாளர்களுக்குச் சோமனூர் ரகத்துக்கு 23 சதவீதமும் பல்லடம் ரகத்துக்கு 20 சதவீதமும் கூலி உயர்த்துவதென்று அமைச்சர்கள் முன்னிலையில் பேசி முடித்தார்கள். அந்த உயர்வு கைக்கு வரவில்லை என்று 2022 ஜனவரியில் கோவை, திருப்பூர் மாவட்டங்களில் தறிகள் நின்றன. 2025 மார்ச்சில் மறுபடியும் தறிகள் நின்று, ஒரு மாதம் கழித்து ஏப்ரலில் சோமனூர் ரகத்துக்கு 15, மற்ற ரகங்களுக்கு 10 சதவீதம் என்று முடிந்தது. வேலைநிறுத்தம் செய்தவர்கள் தறிக்குச் சொந்தக்காரர்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். ஊரார் முதலாளி என்று அழைப்பவரே கூலிக்காகப் போராடும் தொழில் இது.

சங்கரன்கோவிலுக்கும் கூலி உயர்வுக் கோரிக்கை, வேலைநிறுத்தம், முத்தரப்புப் பேச்சுவார்த்தை எதுவும் புதிதல்ல. தொழிலாளி கேட்கிறார்; உரிமையாளர் மேலிருந்து கூலி கூடினால்தான் தரமுடியும் என்கிறார்; மாஸ்டர் வீவர் நூல் விலையையும் சேலை விற்பனையையும் காட்டுகிறார். பிரான்சின் பதிவுகளை ஆராய்ந்த மூவர் கூலியை ஆள், நிறுவனம் என்று இரண்டாகப் பிரித்தார்கள். இந்த ஊரில் அந்த நிறுவனத்தையே மறுபடி இரண்டாகப் பிரிக்க வேண்டியிருக்கிறது: பாவு கொடுப்பவர், தறி வைத்திருப்பவர். யார் கையில் எந்த முடிவு இருக்கிறது என்று தெரியாமல் போடும் ஒப்பந்தம், கொடுக்க முடியாதவர் கையெழுத்தோடு நின்றுவிடும்.

அரசின் கையும் இதற்குள் இருக்கிறது. தமிழ்நாட்டில் விசைத்தறிகளுக்கு இரண்டு மாதத்துக்கு 750 யூனிட்டாக இருந்த இலவச மின்சாரம் 2023இல் 1,000 யூனிட்டாக உயர்ந்தது. அதனால் மிச்சமாகும் பணம் மூன்று அடுக்கில் எதில் தங்குகிறது, எவ்வளவு கீழே இறங்குகிறது என்பது கூலி மேசையில் கேட்கப்பட வேண்டிய கேள்வி.

ஒன்பது நாளில் ஏறிய கூலி

திறமை கூடினால் கூலி கூடும் என்ற வாதத்துக்கு இந்தச் சீமையின் வரலாறே ஒரு பதில் வைத்திருக்கிறது. தூத்துக்குடியில் ஹார்வி நிறுவனத்தின் கோரல் ஆலைத் தொழிலாளர்கள் 1908 பிப்ரவரி 27 அன்று வேலையை நிறுத்தினார்கள். வ.உ.சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் முன்னின்றார்கள். கூலி உயர்வு, வேலை நேரக் குறைப்பு, வார விடுமுறை ஆகியவை கோரிக்கைகள். ஆலை மூடிக் கிடந்த நாட்களில் தொழிலாளர்களின் சாப்பாட்டுக்கு ஊரார் உதவினார்கள். ஒன்பது நாளில் நிர்வாகம் இறங்கி வந்தது.

அந்த ஒன்பது நாளில் நூற்பவர் விரலில் எந்தப் புதுத் திறமையும் ஏறவில்லை. ஆலையில் புது எந்திரம் வரவில்லை. நூலின் விலையும் ஒரே வாரத்தில் உயர்ந்துவிடவில்லை. நிர்வாகம் கொடுத்திருக்கக்கூடிய, ஆனால் கொடுக்காமல் வைத்திருந்த ஒரு பங்கு இருந்தது. தொழிலாளர்கள் சேர்ந்து நின்றதும் அது வெளியே வந்தது. வெற்றி கிடைத்த சில நாளில், மார்ச் 12 அன்று, வ.உ.சி. கைதானார். 

முதலாளி தாமே முன்வந்து கொடுத்த சம்பவமும் உண்டு. 1914 ஜனவரியில் ஹென்றி ஃபோர்டு தம் கார் தொழிற்சாலையில் ஒன்பது மணி நேரத்துக்கு 2 டாலர் 34 சென்ட்டாக இருந்த நாள் கூலியை எட்டு மணி நேரத்துக்கு 5 டாலர் என்று அறிவித்தார். அதற்கு முந்தைய ஆண்டில் ஆட்கள் நிலைக்காமல் ஓடிக்கொண்டே இருந்தார்கள். ஓர் இடத்தை நிரப்ப ஆண்டுக்கு மூன்று நான்கு பேரை எடுக்க வேண்டியிருந்தது. கூலி கூடியதும் ஆட்கள் நிலைத்தார்கள், வேலையும் சீரானது. தறிக்கு ஆள் கிடைப்பதில்லை, இளைஞர்கள் இந்தத் தொழிலுக்கு வருவதில்லை என்று வருந்தும் உரிமையாளர்கள் யோசிக்க வேண்டிய கணக்கு இது.

போக முடியாதவரின் கூலி

கூலியில் முதலாளியின் பங்கு எவ்வளவு என்று ஆய்வாளர்கள் கண்டுபிடித்ததே, இடம் மாறியவர்களை வைத்துத்தான். இடம் மாறவே முடியாத தொழிலாளி என்ன செய்வார்?

விசைத்தறி ஊர்களில் முன்பணம் பழக்கம் பரவலாக உண்டு. மகளின் கல்யாணம், வீட்டில் ஒரு ஆபரேஷன், பிள்ளையின் காலேஜ் ஃபீஸ் என்று ஏதோ ஒரு நெருக்கடியில் உரிமையாளரிடம் மொத்தமாகப் பணம் வாங்குவார்கள். அவசரத்துக்கு உதவியவர் என்ற நன்றி இருக்கும். ஆனால் அந்தக் கடன் தீரும்வரை வேறு தறிக்குப் போக முடியாது. பக்கத்துத் தெருவில் சேலைக்கு ஐந்து ரூபாய் கூடுதலாகக் கிடைத்தாலும் அது இவருக்கு இல்லை. ஜோன் ராபின்சன் ஊருக்கு ஒரே முதலாளி இருக்கும் நிலையைப் பற்றி எழுதினார். முன்பணம் நூறு முதலாளிகள் உள்ள ஊரிலும் ஒரு தொழிலாளிக்கு ஒரே முதலாளியை உண்டாக்கிவிடுகிறது. முன்பணம் கொடுத்த உரிமையாளருக்கும் நிம்மதி இல்லை. ஆள் வேலைக்கு வராமல் போனால் பணம் போயிற்று என்ற பயம்.

கடனைக் காட்டி ஆளைக் கட்டிப்போடுவதைச் சட்டம் ஏற்கவில்லை. கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976இல் வந்தது. ஆசிய விளையாட்டுப் போட்டிக்கான கட்டட வேலைகள் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் 1982இல் ஒரு படி மேலே போனது. பசிக்கு அஞ்சிக் குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே வேலை பார்ப்பதும் அரசமைப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு தடைசெய்யும் கட்டாய உழைப்பே என்று தீர்ப்பளித்தது. இந்தியாவின் ஏழைத் தொழிலாளிக்குக் கிடைத்த மிகப் பெரிய தீர்ப்புகளில் ஒன்று அது.

திறமையோடு சேராத அடையாளங்கள்

தொழிலாளியின் பங்கு என்று இதுவரை சொன்னதில் திறமையும் அனுபவமும் மட்டும் இல்லை. பெண் என்பதும், சாதியும், மதமும் அந்தப் பங்குக்குள் நுழைந்துவிடுகின்றன.

தறிக்கூடத்திலேயே இதைப் பார்க்கலாம். தறி ஓட்டும் வேலையில் ஆண்கள் அதிகம். தார் சுற்றுவதில் பெண்கள் அதிகம். தார் இல்லாமல் நாடா பாயாது. ஆனாலும் தார் சுற்றும் கூலி ஓரத்தில் கிடக்கும் கூலி. சம வேலைக்குச் சம ஊதியம் என்ற சட்டம் 1976இல் வந்தது. ஆண் செய்யும் வேலை வேறு, பெண் செய்யும் வேலை வேறு என்று பிரித்துவிட்டால் ஒப்பிட்டுப் பார்க்கவே இடமில்லாமல் போகிறது. போர்ச்சுகலைப் பற்றிக் கார்டு, கார்டோசோ, கிளைன் என்ற மூவர் செய்த ஆய்வு 2016இல் வெளியானது. நல்ல சம்பளம் தரும் நிறுவனங்களில் பெண்கள் குறைவாகவே வேலையில் இருக்கிறார்கள். அப்படிப்பட்ட நிறுவனத்தில் சேர்ந்த பெண்ணுக்கும், ஆணுக்குக் கிடைக்கும் கூடுதல் தொகையில் சுமார் 90 சதவீதம்தான் கிடைக்கிறது என்றது அந்த ஆய்வு. வாசலிலும் ஒரு இழப்பு, உள்ளேயும் ஒரு இழப்பு.

வாசலில் சாதி என்ன செய்கிறது என்பதற்கு இந்தியாவிலேயே சான்று உண்டு. சுக்தேவ் தோரட்டும் பால் அட்வெல்லும் 2007இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே தகுதியுள்ள விண்ணப்பங்களைப் பெயரை மட்டும் மாற்றித் தனியார் நிறுவனங்களுக்கு அனுப்பினார்கள். மேல்சாதிப் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்போடு ஒப்பிட்டால், தலித் பெயருக்கு மூன்றில் இரண்டு பங்கும் முஸ்லிம் பெயருக்கு மூன்றில் ஒரு பங்கும்தான் வாய்ப்பு இருந்தது. படிப்பு ஒன்று, அனுபவம் ஒன்று. பெயரைப் படித்தவர் முதலாளி. தொழிலாளியின் தன்மை என்று கணக்கில் எழுதப்படும் இந்தக் குறையும் உண்மையில் எதிரில் இருப்பவர் மனத்தில் உள்ளது.

இப்படிப்பட்ட இழப்பை அரசு விதியால் குறைக்கவும் முடியும். நூறு நாள் வேலைத் திட்டத்தில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி விகிதம் வைத்தார்கள். 2024-25இல் தமிழ்நாட்டுக்கு அது நாளுக்கு 319 ரூபாய். சம விகிதத்தை அரசே எழுதி வைத்ததால் இந்த வட்டாரப் பெண்களுக்கு வயல் வேலைக்குக் கூலி பேச ஒரு பிடிமானம் கிடைத்தது.

அடுத்த பேச்சுவார்த்தைக்கு

எண்ணிக்கைக் கூலியில் முதலாளியின் பங்கு ஒளிந்திருப்பதைச் சட்டம் முன்பே அறிந்திருந்தது. 1948ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டம், எண்ணிக்கைக் கூலிக்காரருக்கும் ஒரு நாளுக்கு இவ்வளவுக்குக் குறையாத நேரக் கூலியை உறுதிசெய்ய இடம் வைத்தது. எத்தனை உருப்படி முடித்தாலும் அந்தத் தொகைக்குக் கீழே போகக்கூடாது என்பது அதன் 17ஆம் பிரிவின் கருத்து. அந்தச் சட்டத்தின் இடத்துக்கு வந்த 2019 ஊதியச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்ததாக ஒன்றிய அரசு அறிவித்தது. குறைந்தபட்சக் கூலி இனிக் குறிப்பிட்ட பட்டியல் தொழில்களுக்கு மட்டும் என்றில்லாமல் எல்லாத் தொழிலுக்கும் பொருந்தும் என்கிறது அது. எண்ணிக்கைக் கூலிக்கு நேர அடிப்படையில் ஒரு கீழ்வரம்பு என்ற ஏற்பாட்டை அதுவும் விடவில்லை.

கீழ்வரம்பு மட்டும் போதாது, கூலிக் கணக்கு வெளிப்படையாகவும் இருக்க வேண்டும். ஒடிசாவின் சிறு தொழிற்கூடங்களில் எமிலி பிரேசா, சுப்ரீத் கௌர், யோகிதா ஷம்தசானி மூவரும் நடத்திய சோதனை 2018இல் வெளியானது. ஒரே குழுவில் இருப்பவர்களுக்கு வேறுவேறு கூலி கொடுத்தபோது, குறைவாக வாங்கியவர்களின் உற்பத்தி விழுந்தது. அவர்கள் வேலைக்கு வருவதும் குறைந்தது. யார் எவ்வளவு செய்கிறார் என்பது எல்லோருக்கும் வெளிப்படையாகத் தெரிந்த இடங்களில் மட்டும் அந்த மனக்கசப்பு வரவில்லை. கூலியில் வேறுபாடு இருப்பதைத் தொழிலாளி பொறுத்துக்கொள்கிறார். அதற்குக் காரணம் தெரியாமல் இருப்பதைப் பொறுத்துக்கொள்வதில்லை.

சங்கரன்கோவிலில் அடுத்த ஒப்பந்தம் பேச உட்காரும்போது சதவீதத்தோடு இன்னும் நாலு வரிகள் சேர வேண்டும். முதல் வரி, மாஸ்டர் வீவரின் கையெழுத்து. பாவு கொடுப்பவர் தறி உரிமையாளருக்குத் தரும் கூலியும் உரிமையாளர் தொழிலாளிக்குத் தரும் கூலியும் ஒரே தாளில் அருகருகே இருக்க வேண்டும். இரண்டாவது, காத்திருப்புக் கூலி. பாவு வரத் தாமதமானாலோ தறி பழுதாகி நின்றாலோ அந்த நாளுக்குக் கீழ்வரம்புக் கூலி. மூன்றாவது, ஒவ்வொரு தறிக்கூடத்திலும் ரகவாரியாகக் கூலி விகிதம் எழுதிய பலகை, கையில் சீட்டு, அதில் நெய்த சேலையின் எண்ணிக்கையோடு தறி நின்ற நேரமும், நின்ற காரணமும். நான்காவது, தார் சுற்றும் பெண்களின் கூலி. தறி ஓட்டுபவருக்குக் கூலி உயரும் அதே நாளில், அதே சதவீதத்தில் அதுவும் உயர வேண்டும். தமிழ்நாட்டின் குறைந்தபட்சக் கூலியில் விலைவாசிக்கேற்ப அகவிலைப்படி ஆண்டுதோறும் ஏப்ரலில் மாறுவதுபோல, இந்த விகிதங்களும் வேலைநிறுத்தத்துக்குக் காத்திராமல் மாறும்படி எழுதிவிடலாம்.

தறி நின்ற நேரத்தை எழுதி வைக்கும் அந்த ஒரு வரிக்குப் பெரிய செலவு இல்லை. ஒரு நோட்டும் ஒரு கடிகாரமும் போதும். ஓர் ஆண்டு அப்படி எழுதினால், சங்கரன்கோவில் சேலையின் கூலியில் நெய்தவர் கைக்கு எவ்வளவு, தறிக்கு எவ்வளவு, பாவு அனுப்பியவருக்கு எவ்வளவு என்ற கணக்கை ஊர் தன் கையெழுத்திலேயே வைத்துக்கொண்டு மேசைக்கு வரும். தொழிற்சங்கங்கள், உரிமையாளர் சங்கம், தொழிலாளர் துறை மூன்றும் சேர்ந்து இந்த ஆண்டே அதைத் தொடங்க வேண்டும் என்று இந்த அவையின் வழியாகக் கேட்டுக்கொள்ளப்படுகிறது.